‘உலகமே நம்மை மதிக்கிறது’ என்கிறார் தலைவர்: அதைச் சரிபார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், ஒரே வகைக் கேள்வி சில காலமாக வெவ்வேறு உருவில் வந்துகொண்டிருக்கிறது. ஆளும் தரப்பின் தலைவர் ஒருவர் மேடையில், “நம் நாட்டை உலகமே வியந்து பார்க்கிறது” என்கிறார். மறுநாள் எதிர்த்தரப்பினர், “உலக அரங்கில் நம் மானம் போய்விட்டது” என்கிறார்கள். இரண்டையும் கேட்டவர் எதை நம்புவது என்று தெரியாமல் எங்களிடம் வருகிறார். பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம், ஓசூர் ஆகிய ஊர்களிலிருந்து வரும் நண்பர்கள் எழுப்பிய கேள்விகளையும், அங்கே நான் சொன்ன விடைகளை வீட்டில் அமர்ந்து திருத்தி எழுதியவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தக் கட்சியானாலும் அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால், எடுத்துக்காட்டுகளை இந்தியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் எடுத்திருக்கிறேன்.

இது தலைவரின் கருத்துதானே? கருத்தை எப்படிச் சரிபார்க்க முடியும்?

எல்லாவற்றையும் சரிபார்க்க முடியாது. “நாடு தலைநிமிர்ந்து நிற்கிறது” என்பது உணர்ச்சி. அதற்கு மெய், பொய் என்ற தீர்ப்பு கிடையாது. “நான் பதவிக்கு வந்த பிறகு வெளிநாடுகளில் நம்மைப் பற்றிய நல்லெண்ணம் கூடியிருக்கிறது” என்று அவர் சொன்னால் நிலைமை வேறு. அதில் ஒரு காலம் இருக்கிறது, முன்னைக்கும் இப்போதைக்குமான ஒப்பீடு இருக்கிறது, அளந்து பார்க்கக்கூடிய பொருளும் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, அவர் சொன்ன வாக்கியத்தை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொள்வது. நினைவிலிருந்து எழுதக் கூடாது. காணொளியை ஓடவிட்டுத்தான் எழுத வேண்டும். பிடித்த தலைவர் சொன்னதை நம் மனம் சற்று நயப்படுத்திக்கொள்கிறது, பிடிக்காதவர் சொன்னதைச் சற்று கோணலாக்கிக்கொள்கிறது. முழு உரையைப் பார்த்தபோது, சண்டைக்குக் காரணமான வாக்கியத்தை அவர் வேறொருவரை மேற்கோள் காட்டிச் சொல்லியிருந்தார் என்று தெரிந்து நாங்கள் கலைந்துபோன மாலைகளும் உண்டு.

‘உலகம்’ என்று அவர்கள் சொல்வது யாரை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். ‘உலகம் என்பது உயர்ந்தோர் மாட்டே’ என்று நம் பழைய நூலோர் அந்தச் சொல்லுக்கு எல்லை வகுத்தார்கள். இன்றைய மேடைப் பேச்சில் வரும் ‘உலக’த்துக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை. கேட்ட வாக்கியத்தில் ‘உலகம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, உண்மையில் யாரிடம் கேட்டார்களோ அவர்களை அந்த இடத்தில் எழுதிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

‘உலகின் மிகச் செல்வாக்கு மிக்க தலைவர் பிரதமர் நரேந்திர மோடி’ என்று ஆண்டுதோறும் வரும் செய்தியைப் பாருங்கள். பெரும்பாலும் அது மார்னிங் கன்சல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. 2023 டிசம்பரில் அதில் அவருக்கு 76 விழுக்காடு ஆதரவு கிடைத்து முதலிடத்தில் இருந்தார். எண்ணில் பிழையில்லை. ஆனால் அந்த நிறுவனம் ஒவ்வொரு நாட்டுத் தலைவரைப் பற்றியும் அந்தந்த நாட்டு மக்களிடம்தான் கேட்கிறது. ஆகவே அந்த 76 விழுக்காட்டில் ஒரு ஜப்பானியரோ பிரேசில்காரரோ இல்லை. இருப்பவர்கள் இந்தியர்கள் மட்டுமே. அவர்களிலும், இந்தியாவில் எடுக்கப்படும் மாதிரி எழுத்தறிவு பெற்றோரையே பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. அதாவது அந்தக் கணக்கின்படி, ஏழு வயது கடந்தோரில் மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் இப்படிப்பட்ட கணிப்பின் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்நாட்டில் பெரும் ஆதரவு என்பது ஒரு தலைவருக்குப் பெருமைதான். அதை உலகத்தின் பாராட்டு என்று மொழிபெயர்ப்பதில்தான் கோளாறு.

வெளிநாட்டார் கருத்தை அறிய வேண்டுமானால் வெளிநாட்டாரிடம் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 23 நாடுகளின் இடைநிலை அளவாக 46 விழுக்காட்டினர் இந்தியாவைப் பற்றி நல்லெண்ணமும் 34 விழுக்காட்டினர் எதிரான எண்ணமும் தெரிவித்திருந்தார்கள். இடைநிலை அளவு என்பது, நாடுகளை விழுக்காட்டு வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் எண். இந்தியாவின் செல்வாக்கு அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது என்று நினைத்த இந்தியர்கள் 68 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டில் 19 நாடுகளில் அதே கேள்விக்கு அப்படி விடையளித்தவர்களின் இடைநிலை அளவு 28 விழுக்காடு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதை எண்ணில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். இது இந்தியர்களுக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

ஒரு தலைவரின் கூற்றை முழுமையாகச் சரிபார்த்துக் காட்ட முடியுமா?

நம் ஊர் அரசியலின் சூடு படாத எடுத்துக்காட்டு என்பதால் அமெரிக்காவைத் தேர்ந்துகொள்கிறேன். அதிபர் டொனால்ட் டிரம்ப் தம் முதல் ஆட்சிக்காலத்தில், முன்பு அமெரிக்காவை உலகம் ஏளனமாகப் பார்த்தது என்றும், தாம் வந்த பிறகு மீண்டும் மதிக்கத் தொடங்கியது என்றும் பல மேடைகளில் சொன்னார். இதில் காலம் தெளிவாக இருக்கிறது: 2017 ஜனவரிக்கு முன், அதற்குப் பின். இரண்டு காலத்துக்கும் ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்ட ஆய்வுகள் வேண்டும்; அவை இருக்கின்றன.

பியூ மையம் 2017ஆம் ஆண்டில் 37 நாடுகளில் கேட்டது. பராக் ஒபாமாவின் இறுதி ஆண்டுகளில் அவர் உலக விவகாரங்களில் சரியானதைச் செய்வார் என்று நம்பியவர்கள் 64 விழுக்காடு. டிரம்ப் குறித்து அப்படி நம்பியவர்கள் 22 விழுக்காடு. அமெரிக்கா என்ற நாட்டின் மீதான நல்லெண்ணமும் 64இலிருந்து 49 விழுக்காடாகக் குறைந்தது. கேலப் நிறுவனம் 134 நாடுகளில் எடுத்த மற்றொரு கணிப்பில், அமெரிக்கத் தலைமைக்கு இருந்த ஏற்பு 2016இல் 48 விழுக்காடாகவும் 2017இல் 30 விழுக்காடாகவும் இருந்தது. தொடர்பில்லாத இரு நிறுவனங்கள், வெவ்வேறு கேள்விகள், ஒரே திசை. இந்த ஒத்துப்போதல்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. ஒரே ஆய்வாக இருந்திருந்தால் நான் தயங்கியிருப்பேன்.

அத்துடன் நிறுத்திவிட்டால் அது பாதிச் சரிபார்ப்புதான். பியூ ஆய்விலேயே இஸ்ரேலிலும் ரஷ்யாவிலும் ஒபாமாவைவிட டிரம்ப்பின் மீது நம்பிக்கை கூடியிருந்தது. அந்த இரு நாடுகளை மட்டும் எடுத்துக்காட்டி ஒருவர் பேசினால், அவர் பொய் சொன்னவராக மாட்டார், பொறுக்கியெடுத்தவர் ஆவார். அமெரிக்க மக்களைப் பற்றிய நல்லெண்ணம் அதே ஆய்வில் 58 விழுக்காடாக இருந்தது என்பதும், அயலார் ஒரு நாட்டின் தலைவரையும் அந்நாட்டு மக்களையும் ஒரே தராசில் வைப்பதில்லை என்பதைக் காட்டுகிறது. ‘மதிப்பு’ என்று டிரம்ப் குறித்தது நல்லெண்ணத்தை அன்று, பிற நாடுகள் அமெரிக்காவுக்கு அஞ்சி நடப்பதைத்தான் என்று ஒருவர் வாதிட்டால், மேற்கண்ட ஆய்வுகள் அதற்கு விடை சொல்லா. அவை அஞ்சுகிறீர்களா என்று கேட்கவில்லை. ஆகவே என் தீர்ப்பை இப்படி எழுதுவேன்: அயல்நாட்டு மக்களின் நல்லெண்ணம், நம்பிக்கை என்ற பொருளில் அந்தக் கூற்று தவறு, அச்சம் என்ற பொருளில் அது இந்தச் சான்றுகளால் சரிபார்க்கப்படாதது.

2018 செப்டம்பர் 25 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில், தம் அரசு அமெரிக்க வரலாற்றின் ஏறத்தாழ எல்லா அரசுகளையும்விட அதிகம் சாதித்தது என்று அவர் சொன்னபோது அவையில் சிரிப்பு எழுந்ததைப் பலர் ‘சான்று’ என்று அனுப்புகிறார்கள். ஓர் அவையின் சிரிப்பு அந்த நேரத்துச் செய்தி மட்டுமே. அதை வைத்து ஒரு நாட்டின் மதிப்பை அளக்க முடியுமென்றால், கைத்தட்டலை வைத்தும் அளக்கலாம் என்றாகிவிடும்.

ஒரே ஆண்டில் இந்தியா மூன்றாம் இடம் என்கிறார்கள், இருபத்தொன்பதாம் இடம் என்கிறார்கள். எது உண்மை?

இரண்டும். 2024ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் லோவி நிறுவனம் வெளியிட்ட ஆசிய அதிகாரக் குறியீட்டில் 27 நாடுகளுக்குள் இந்தியா ஜப்பானை முந்தி மூன்றாம் இடம் பெற்றது. அது படைவலிமை, பொருளாதாரம், தூதரகச் செல்வாக்கு போன்றவற்றைக் கூட்டும் கணக்கு. அதே ஆண்டில் பிராண்ட் ஃபைனான்ஸ் என்ற லண்டன் நிறுவனம் வெளியிட்ட மென்வலிமைக் குறியீட்டில் 193 நாடுகளில் இந்தியா 29ஆம் இடம் பெற்றது. அது, உலகின் பல பகுதிகளில் மக்களிடம் கேட்டறிந்த மனப்பதிவுக் கணக்கு. ஒன்று உடல் பலத்தை எடை போடுகிறது, மற்றொன்று ஊரில் உள்ள பெயரைக் கேட்கிறது. நற்பெயரைப் பற்றிப் பேசும் தலைவர் முதல் குறியீட்டைக் காட்டினால், வேறு கேள்விக்கான விடையைக் காட்டுகிறார் என்று பொருள்.

இடம் உயர்ந்தால் மதிப்பு உயர்ந்தது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. கடவுச்சீட்டின் வலிமையை அளக்கும் ஹென்லி குறியீட்டில் 2024 ஜூலையில் இந்தியா 82ஆம் இடம். முன்கூட்டி விசா பெறாமல் 58 இடங்களுக்குச் செல்லலாம். 2025 ஜூலையில் 77ஆம் இடம், 59 இடங்கள். விசா இன்றிச் செல்லக்கூடிய ஊர்களில் ஒன்றுதான் கூடியது, வரிசையில் ஐந்து படி ஏறிவிட்டோம். அதே ஆண்டு அக்டோபரில் 57 இடங்களாகக் குறைந்தபோது 85ஆம் படிக்கு இறங்கினோம். ஏறியபோது வந்த வாழ்த்துச் செய்தியையும் இறங்கியபோது வந்த ஏளனச் செய்தியையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே அளவு மிகை.

வரிசையில் உடன் நிற்பவர் யார் என்பதும் இடத்தைத் தீர்மானிக்கிறது. இது தருமபுரிக்காரர்களுக்குப் பட்டறிவால் தெரிந்தது. மேலே சொன்ன 68.54 விழுக்காடு, அன்றைய தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களில் கடைசி. ‘கடைசி மாவட்டம்’ என்ற பெயரைச் சுமந்தே நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதே கணக்கில் பீகார் மாநிலத்தின் சராசரி 61.80 விழுக்காடு. இங்கே கடைசியாக நின்ற அதே எண், அங்கே சராசரிக்கு மேல் நின்றிருக்கும். இடத்தைக் கேட்டதும் மதிப்பெண்ணையும், சென்ற முறை எத்தனை நாடுகள் கலந்துகொண்டன என்பதையும் கேளுங்கள்.

ஆயிரம் பேரிடம் கேட்டுவிட்டு ஒரு நாட்டின் கருத்து என்று சொல்வது நியாயமா?

முறையாகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேர் என்றால் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டுப் புள்ளி முன்பின் பிழையோடு நாட்டின் கருத்தைச் சொல்லிவிட முடியும். நாட்டின் மக்கள்தொகை பெரிதாக இருப்பதால் இந்தப் பிழை பெரிதாகிவிடுவதில்லை. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். சோறு ஒரே உலையில் வெந்ததால் அது பொருந்துகிறது. கிருஷ்ணகிரி மண்டிக்கு வரும் மாங்காய் லோடுக்கு அது பொருந்தாது. அதில் பல தோட்டத்துக் காய் இருக்கும், மேலடுக்கில் நல்ல காயாகப் பார்த்து அடுக்கியிருப்பார்கள். விவரம் தெரிந்த வியாபாரி அடியிலும் நடுவிலும் கைவிட்டு எடுத்துப் பார்ப்பார். மக்கள் மாங்காய் லோடைப் போன்றவர்கள். எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதைவிட எங்கிருந்து எடுத்தார்கள் என்பதே முக்கியம். விருப்பமுள்ளவர் வந்து வாக்களிக்கும் இணையக் கணிப்பில் பத்து லட்சம் பேர் கலந்துகொண்டாலும் அது மேலடுக்குதான்.

நல்ல இடம் கிடைத்தால் கொண்டாடுகிறார்கள், மோசமான இடம் கிடைத்தால் குறியீடே தவறு என்கிறார்கள். எதை ஏற்பது?

இது எல்லா அரசுகளுக்கும் உள்ள நோய், எதிர்க்கட்சிகளுக்கும் உண்டு. இரு எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

உலக வங்கியின் ‘தொழில் செய்வதில் எளிமை’ அறிக்கையில் இந்தியா 2015 பதிப்பில் 142ஆம் இடத்திலும் 2020 பதிப்பில் 63ஆம் இடத்திலும் இருந்தது. இது பெரிதாகக் கொண்டாடப்பட்டது. அந்த அறிக்கை இந்தியாவில் டெல்லி, மும்பை ஆகிய இரு நகரங்களின் நிலைமையை வைத்து மதிப்பெண் இட்டது. ஓசூர் சிப்காட்டில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் நண்பர், “எங்கள் மின் இணைப்பு விண்ணப்பம் அந்தக் கணக்கில் இருந்ததா?” என்று கேட்டார், இல்லை. பிறகு சீனா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அஜர்பைஜான் ஆகிய நாடுகளின் தரவுகளில் முறைகேடு கண்டறியப்பட்டதால் 2021 செப்டம்பரில் உலக வங்கி அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுபக்கம், உலகப் பட்டினிக் குறியீட்டில் 2023ஆம் ஆண்டில் 125 நாடுகளில் இந்தியா 111ஆம் இடம் பெற்றது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. நான்கு அளவுகளில் மூன்று குழந்தைகளைப் பற்றியவை என்றும், அவற்றை வைத்து ஒட்டுமொத்த மக்களின் பட்டினியைச் சொல்ல முடியாது என்றும், ஊட்டக்குறைவு பற்றிய நான்காவது அளவு சிறிய மாதிரியை நம்பியது என்றும் வாதிட்டது. முதல் வாதத்தில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. ‘பட்டினி’ என்ற தலைப்பு அந்த அளவுகளுக்குச் சற்றுப் பெரிய சட்டைதான். ஆனால் இடத்தை ஒதுக்கிவிட்டு அடியில் உள்ள எண்ணுக்குப் போங்கள். இந்திய அரசே நடத்திய தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21 காலத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றும் 19.3 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் என்றும் சொல்கிறது. 111ஆம் இடம் என்பதை மறுத்துவிட்டாலும் இந்த இரு எண்களும் அங்கேயே நிற்கின்றன. அவற்றை எந்த அயல்நாட்டாரும் எழுதவில்லை.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் வழக்கம், இடம் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் செய்முறைக் குறிப்பை ஒரே கண்ணால் படிப்பது. சென்ற ஆண்டு ஒரு குறியீட்டைப் போற்றியவர் இந்த ஆண்டு அதையே தூற்றினால், இடையில் செய்முறை மாறியதா, இடம் மட்டும் மாறியதா என்று பார்த்தால் போதும்.

வெளிநாட்டு அரசுகள் விருது தருகின்றனவே, அது சான்று ஆகாதா?

அந்த அரசுக்கும் நம் அரசுக்கும் உறவு நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று. ஐக்கிய அரபு அமீரகத்தின் சயீத் விருது 2019இல் பிரதமர் மோடிக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முன் ரஷ்யாவின் புதின், பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத், சீனாவின் ஷி ஜின்பிங் ஆகியோரும் அதைப் பெற்றிருந்தார்கள். அரசுமுறைப் பயணங்களில் இப்படிச் சிறப்புச் செய்வது நெடுநாள் வழக்கம். மக்கள் மனத்தில் உள்ள மதிப்பை அது அளப்பதில்லை.

விருந்தில் சொல்லப்படும் பாராட்டையும் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும் என்பதை அதியமான் நாட்டில் வாழும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, இவையெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன; எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்றார். மேலோட்டமாகக் கேட்டால் அது தொண்டைமானுக்குப் புகழ். தூதர் சொல்லும் புகழ் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று பார்க்காமல் அதை அப்படியே செய்தியாக்கினால், தொண்டைமானின் அரசவைச் செய்தியாளர் எழுதியது போல் ஆகிவிடும்.

‘உலகின் நான்காவது பெரிய பொருளாதாரம்’ என்பது சரியா?

2025 மே மாதம், ஒன்றிய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் தலைமை நிர்வாக அலுவலர், பன்னாட்டு நாணய நிதியத்தின் தரவைச் சுட்டி, இந்தியா ஜப்பானை முந்திவிட்டது என்றார். அந்த நிதியம் ஏப்ரலில் வெளியிட்ட எண்கள் அந்த ஆண்டு முழுமைக்குமான முன்கணிப்பு. அவற்றிலும் இரு நாடுகளும் ஏறத்தாழ 4.19 லட்சம் கோடி டாலரில் மயிரிழை வேறுபாட்டில் இருந்தன. நடக்கும் என்று கணித்ததை நடந்துவிட்டதாகச் சொன்னதுதான் அங்கே பிழை. தவிர, பொருளாதாரத்தின் பருமன் நற்பெயர் ஆகாது.

உண்மை சரிபார்ப்போரை நம்பலாமா? அவர்களுக்கும் சார்பு இருக்குமே?

இருக்கலாம், அதனால்தான் தீர்ப்பைப் படிப்பதற்கு முன் வழியைப் படிக்க வேண்டும். 2015இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு உண்மை சரிபார்ப்பு வலையமைப்பு, தன் உறுப்பினர்கள் சான்றுகளையும் நிதி வரும் வழியையும் வெளிப்படுத்த வேண்டும், பிழை நேர்ந்தால் வெளிப்படையாகத் திருத்த வேண்டும் என்று விதித்திருக்கிறது. தமிழில் யூடர்ன் போன்ற தளங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும் தனித்தனிச் சரிபார்ப்பு அமைப்புகள் உண்டு. போலிச் சுற்றறிக்கைகளை மறுப்பதில் அவை மிகவும் பயன்படும். தம் அரசைப் பற்றிய பெருமைப் பேச்சை அவை எடைபோடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வழக்காடும் தரப்பே நீதிபதியாக முடியாது. ஒன்றிய அரசின் அமைப்புக்கு, இணையத்தில் எது பொய் என்று அறிவிக்கும் சட்ட அதிகாரம் தந்த விதித்திருத்தத்தை மும்பை உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் நீக்கியதும் ஏறத்தாழ இந்தக் கவலையின் பின்னணியில்தான்.

வீட்டிலும் டீக்கடையிலும் இதை எப்படிச் சொல்வது? சண்டை வந்துவிடுகிறதே.

“அது பொய்” என்று தொடங்கினால் பேச்சு முடிந்துவிடும். “மாமா, அது எந்த வருஷத்துக் கணக்குங்க? யாருகிட்ட கேட்டாங்களாம்?” என்று கேட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் கைப்பேசியை எடுத்து அவர்களே தேடத் தொடங்குகிறார்கள். கிடைக்காவிட்டால் வலியுறுத்த வேண்டாம்.

நானே ஒருமுறை மாட்டிக்கொண்டவன் என்பதால் இதில் எனக்கு அடக்கம் உண்டு. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்தது என்ற செய்தியை, 2016ஆம் ஆண்டு சுதந்திர நாளன்று, உறவினர் குழுவில் பெருமையோடு பகிர்ந்தேன். அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று யுனெஸ்கோ 2008ஆம் ஆண்டிலேயே மறுத்திருந்ததைக் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் எடுத்துக் காட்டினாள். எந்த நாட்டின் தேசிய கீதத்தையும் அந்த அமைப்பு தரவரிசைப்படுத்துவதில்லை. அன்று மாலையே குழுவில் திருத்தம் போட்டேன். ஒரே ஒருவர் மட்டும் கைகூப்பும் படம் அனுப்பிப் பாராட்டினார். அதே நவம்பரில், புதிய 2,000 ரூபாய்த் தாளை உலகின் சிறந்த பணத்தாளாக யுனெஸ்கோ அறிவித்தது என்ற செய்தியை அந்தக் குழுவில் முதலில் போட்டவரும் அவர்தான்.